பாத்ரூம் சுவர் கோணலா? டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பழைய டைல்ஸைப் பெயர்த்ததும் பாத்ரூம் சுவரின் சுயரூபம் தெரிந்துவிடும். ஒரு பக்கம் செங்கல் துருத்திக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் முன்பு பிளம்பர் வெட்டிய காடியிலிருந்து சாந்து கொட்டிக்கொண்டிருக்கும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மேலுக்கும் கீழுக்கும் ஒரு இன்ச் வித்தியாசம் காட்டும். சென்னையில் பழைய ஃபிளாட்டுகளில் இது சர்வ சாதாரணம். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வந்து பார்த்த மேஸ்திரிகள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "டைல்ஸ் ஒட்டும்போதே மட்டம் பண்ணிக்கலாம் சார்."

அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். கோணலைப் பூச்சு வேலையிலேயே சரிசெய்துவிட வேண்டும். பூச்சில் விட்டதை டைல்ஸ் பசையில் பிடிக்கப் போனால் காசும் போகும், டைல்ஸும் பின்னாளில் பொக்காக, உள்ளே பிடிப்பில்லாமல் நிற்கும்.

கணக்குக்காக 5க்கு 8 அடி பாத்ரூம், 7 அடி உயரம் வரை டைல்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். கதவைக் கழித்தால் சுவர்ப் பரப்பு சுமார் 160 சதுர அடி. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இதற்குத்தான். உங்கள் பாத்ரூமுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. உடைக்கும் முன் எழுத்து வேலை

அடுக்குமாடி என்றால் முதலில் அசோசியேஷன். எந்த பாத்ரூம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை ஆட்கள், ரப்பிஷ் மூட்டைகள் எங்கே இருக்கும், எப்போது அகற்றப்படும் என்று செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பல இடங்களில் திருப்பித் தரும் டெபாசிட் கேட்பார்கள். ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். வேலையாட்களின் ஆதார் நகலை செக்யூரிட்டி கேட்கக்கூடும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை உடைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா, லிஃப்டில் மூட்டை ஏற்றலாமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். நாள் கூலிக்கு ஆள் வைத்திருக்கும்போது காலை பத்து மணிக்கு மேல்தான் சத்தம் போடலாம் என்று தெரியவந்தால் அது உங்கள் கையைத்தான் கடிக்கும். வாடகை வீடென்றால் ஓனரின் சம்மதம் வாட்ஸ்அப்பிலாவது இருக்க வேண்டும்.

கீழ் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அவர்கள் பாத்ரூம் சீலிங்கை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே இருந்த ஈரக்கறையும் உங்கள் தலையில்தான் விடியும்.

ரப்பிஷ் விஷயத்தைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். 160 சதுர அடியில் பழைய டைல்ஸும் அதன் பின்னால் இருந்த சாந்தும் சேர்ந்தால் எடை ஏறக்குறைய ஒரு டன் வரும். சிமெண்ட் சாக்கில் கட்டினால் முப்பது மூட்டை. இதைத் தெருமுனையில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். மாநகராட்சியின் உதவி எண் 1913-ஐ அழைத்து உங்கள் வார்டில் எங்கே கொட்டலாம், எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். இடிபாட்டுக் கழிவைப் பிரித்தெடுக்கும் நிலையங்கள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. தனியார் வண்டிக்காரரிடம் கொடுத்தால் எங்கே கொட்டப் போகிறார் என்று கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொன்னால் வேறு வண்டி பாருங்கள்.

2. கொட்டேஷனில் இருக்க வேண்டிய வரிகள்

"பாத்ரூம் முழுக்க, எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று வரும் கொட்டேஷனை வாங்காதீர்கள். சுவர் எவ்வளவு கோணல் என்பது உடைத்த பிறகுதான் தெரியும். மொத்தத் தொகை பேசியவர் அதற்குப் பிறகு கூடுதல் பூச்சு வேலை செய்ய மனசு வைக்க மாட்டார். தனித்தனி வரியாகக் கேளுங்கள்: உடைப்பும் ரப்பிஷ் இறக்குவதும், 20 மி.மீ. கனம் வரை பூச்சு சதுர அடிக்கு எவ்வளவு, அதற்கு மேல் போனால் எவ்வளவு, காடி அடைப்பு, வாட்டர்புரூஃபிங், டைல்ஸ் ஒட்டுக்கூலி. கனம் கூடினால் ரேட் என்ன என்ற வரிதான் முக்கியம். அது எழுதப்பட்டிருந்தால் கோணலை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

கொத்தனார் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. சித்தாளுக்கு அதில் முக்கால் பங்கு போல. ஏரியாவுக்கு ஏரியா மாறும். பூச்சு வேலையை நாள் கூலிக்கும், டைல்ஸை சதுர அடிக்கும் பேசுவது நல்லது என்பது என் கருத்து. பூச்சை சதுர அடிக்குப் பேசினால் அவசரம் வந்துவிடும்.

சரக்கை நீங்களே வாங்குங்கள், பில்லோடு. சிமெண்டுக்கும் டைல்ஸுக்கும் இப்போது ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருவதாகக் கடையில் சொல்வார்கள். மீந்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போதுதான் பில்லின் அருமை தெரியும்.

பணத்தை உடைப்பு முடிந்ததும் ஒரு பங்கு, பூச்சு முடிந்து நீங்கள் மட்டம் பார்த்ததும் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுங்கள். முன்பணம் அதிகம் போனால் மேஸ்திரி அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். பூச்சு காயும் நாட்களில் இது சுலபமாக நடக்கும்.

3. காலம்

மொத்தம் மூன்றிலிருந்து நான்கு வாரம் ஒதுக்குங்கள். கைவேலை அதில் பாதிகூட இருக்காது. மீதியெல்லாம் பூச்சு நனைவதற்கும் காய்வதற்கும். வீட்டில் ஒரே பாத்ரூம்தான் என்றால் மாற்று ஏற்பாடு முடிவாகாமல் சுத்தியலைத் தூக்க விடாதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது பூச்சு காயவே காயாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வெறும் செங்கல் சுவரோடு பண்டிகை கொண்டாட வேண்டி வரும். பிப்ரவரி, மார்ச் வசதியான மாதங்கள். கத்திரி வெயிலில் செய்தால் காய்வது வேகம்தான், ஆனால் தண்ணீர் விடுவதில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

4. உடைப்பு: எதுவரை போவது

டைல்ஸை மட்டும் பெயர்த்துவிட்டுப் பழைய சாந்தின் மேலேயே வேலையைத் தொடரலாம் என்பார்கள். சுத்தியல் பிடியால் ஒவ்வொரு அடிக்கும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு இருக்கிறது. பொத்தென்று கேட்கும் இடமெல்லாம் செங்கல் தெரியும்வரை வர வேண்டும். பாதிக்கு மேல் பொக்கு என்றால் மொத்தத்தையும் எடுத்துவிடுவது லாபம்.

பாத்ரூமின் உள் சுவர்கள் பெரும்பாலும் நாலரை இன்ச் சுவர்கள். அதன் மறுபுறம் சமையலறை டைல்ஸ் இருக்கலாம், படுக்கையறை வார்ட்ரோப் இருக்கலாம். பெரிய பிரேக்கர் மெஷினை வைத்து ஆட்டினால் அந்தப் பக்கம் விரிசல் விடும். சின்ன மெஷின், இல்லையென்றால் உளியும் சுத்தியலும் போதும். மறுபுறச் சுவரையும் வேலைக்கு முன்பே போட்டோ எடுத்துவையுங்கள்.

உப்புப் பூத்த வெள்ளைத் திட்டுகளோ, கரும்பச்சை ஈரமோ கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிக்காமல் மேலே பூசினால், சில மாதங்களில் அதே உப்பு புதுப் பூச்சையும் தள்ளும். உப்பை உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது திரும்பச் சுவருக்குள் போய்விடும்.

குளியல் பகுதிக்கு மேலே பெயின்ட் அடித்த சுவரில் இப்போது டைல்ஸ் ஒட்டப் போகிறீர்களா? பெயின்டும் அதன் அடியில் பூசிய பட்டியும் (புட்டி) மொத்தமாகச் சுரண்டப்பட வேண்டும். பட்டியின் மேல் ஒட்டிய டைல்ஸ், பட்டியோடு சேர்ந்து கழன்று வரும்.

5. அளவு எடுப்பது: வேலையின் உயிர்நாடி

இதை மேஸ்திரியோடு சேர்ந்து நீங்களே செய்யுங்கள். தூக்குக்குண்டு, ரசமட்டம், ஆறடி அலுமினிய மட்டப்பலகை, நூல், டேப் போதும். லேசர் மட்டம் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் சுலபம்.

ஒவ்வொரு சுவரிலும் சாக்பீஸால் இரண்டடிக்கு ஒரு கோடு குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். சுவரின் இரு ஓரத்திலும் மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு, இரண்டு நூலுக்கும் இடையே குறுக்கு நூல் கட்டி, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைக் கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் அளந்து, அதே இடத்தில் சுவரிலேயே எழுதுங்கள். மி.மீ. கணக்கில் 32, 28, 41, 19 என்று சுவர் முழுக்க எண்கள் வந்துவிடும். எந்த இடம் துருத்தல், எந்த இடம் பள்ளம் என்பது வரைபடம் போலக் கண்ணுக்குத் தெரியும். மிகக் குறைந்த எண் இருக்கும் இடம்தான் சுவரின் மேடு. அந்த ஒரு மேட்டைக் கொத்தி இறக்கினால் மொத்தச் சுவரின் பூச்சுக் கனமும் குறையும். பல நேரம் ஒரே ஒரு செங்கல் முனைக்காகச் சுவர் முழுக்கச் சாந்து அள்ளிப் பூசுகிறார்கள்.

பிறகு மூலை. ஒரு சுவரில் 3 அடி, அடுத்ததில் 4 அடி குறித்து, இரண்டு புள்ளிக்கும் இடையே அளந்தால் 5 அடி வர வேண்டும். மூலை விரிந்திருந்தால் தரை டைல்ஸில் ஓரத் துண்டு ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒல்லியாகவும் வெட்டுப்படும். கதவைத் திறந்ததும் கண் அங்கேதான் போகும். அதனால் கதவுக்கு எதிர்ச் சுவரையும் அதை ஒட்டிய ஒரு சுவரையும் கச்சிதமாக்குங்கள். கதவிருக்கும் சுவரில் சிறு கோணல் இருந்தால் விட்டுவிடலாம், யாரும் பார்க்கப் போவதில்லை.

எண்களை வைத்து முடிவெடுப்பது இப்படி: மட்டப்பலகைக்குக் கீழ் 3 மி.மீ. வரை பள்ளம் என்றால் டைல்ஸ் பசையே ஏற்றுக்கொள்ளும். 10 மி.மீ.க்குள் என்றால் பாலிமர் கலந்த ரிப்பேர் சாந்தால் அந்த இடத்தை மட்டும் நிரப்பலாம். 20 வரை ஒரே கோட் பூச்சு. 20க்கு மேல் 40 வரை இரண்டு கோட், நடுவில் கோழி வலை. அதற்கும் மேல் என்றால் பள்ளத்தைச் செங்கல் துண்டு வைத்து அடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். வெறும் சாந்தாகவே அப்பினால் தன் எடையிலேயே இறங்கும்.

சுவர் கனத்தால் இடம் போகும் என்பதையும் இங்கேயே பாருங்கள். கமோடின் மையத்திலிருந்து பக்கச் சுவருக்கு 15 இன்ச்சாவது வேண்டும். தரையில் இறங்கும் எஸ்-டிராப் கமோடு என்றால் டைல்ஸ் ஒட்டிய பின்சுவரிலிருந்து தரைக் குழாயின் மையம் வரை 9 இன்ச்சோ 12 இன்ச்சோ, உங்கள் மாடல் கேட்கும் அளவு கிடைக்கிறதா? பின்சுவரில் ஒரு இன்ச் ஏற்றிவிட்டு, வாங்கி வைத்த கமோடு உட்காரவில்லை என்று கடைக்கு ஓடுபவர்கள் நிறையப் பேர். கதவு நிலையைத் தாண்டி டைல்ஸ் வெளியே வரக்கூடாது என்பதும் இதில் சேர்த்தி.

6. பிளம்பரை இப்போது கூப்பிடுங்கள்

அளவு முடிவாகும் முன் பிளம்பர் பைப் பதித்துவிட்டால் தொல்லை. கன்சீல்டு டைவர்ட்டரின் (ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரைத் திருப்பும், சுவருக்குள் பதிக்கும் வால்வு) உடலில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு ஆழக் குறிகள் இருக்கும். டைல்ஸின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். சுவர்ப் பூச்சுக்கு மேல் பசையும் டைல்ஸும் சேர்ந்து சுமார் 12 முதல் 15 மி.மீ. வரும். நூலிலிருந்து கணக்குப் போட்டுத்தான் டைவர்ட்டரைப் பொருத்த வேண்டும். கண்ணளவில் வைத்தால் பிறகு கைப்பிடி எட்டாது, அல்லது கவர் பிளேட் சுவரை விட்டு எழும்பி நிற்கும்.

சிபிவிசி (பிளாஸ்டிக்) பைப் ஒட்டி ஒரு நாள் கழித்து, கை பம்ப் வைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். காடி மூடும் முன் டேப்பை சுவரில் வைத்து எல்லாப் பைப்பையும் போட்டோ எடுங்கள். டவல் ராடுக்குத் துளை போடும் நாளில் அந்தப் போட்டோதான் கைகொடுக்கும்.

7. பூச்சு

சுவர் சுத்தமாகவும் கரடுமுரடாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். கான்கிரீட் தூண், பீம் மழமழப்பாக இருக்கும். அங்கே நெருக்கமாகக் கொத்துப் போட்டு, சிமெண்ட் சாந்தை விசிறியடித்து ஒரு நாள் விட்ட பிறகுதான் பூச வேண்டும். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு இன்ச் பரவும்படி கோழி வலையை ஆணியடித்து இழுத்துக் கட்டுங்கள். அடைத்த காடிகளின் மேலும் இதே மாதிரி. வலை இல்லாத இணைப்பில் வரும் விரிசல் டைல்ஸையும் சேர்த்துப் பிளக்கும்.

கலவை 1:4, அதாவது சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நான்கு பங்கு. மணல், பூச்சுக்கென்று நைசாகச் சலித்து விற்கும் செயற்கை மணலான பி-சாண்ட். கட்டுமான எம்-சாண்டை அப்படியே கொண்டுவந்தால் பெரிய துகள் கரணையில் இழுபடும். 12 மி.மீ. கனத்துக்கு 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமெண்ட், ஐந்து கன அடி மணல் பிடிக்கும். வாட்டர்புரூஃபிங் திரவம் ஐஎஸ் 2645 முத்திரை உள்ளதாகப் பார்த்து, டப்பாவில் சொன்ன அளவு மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர்? பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர ஏரியாக்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கு மெட்ரோ வாட்டரே எடுங்கள். சுவருக்குள் உப்பை நாமே ஏன் ஊற்ற வேண்டும்?

முதலில் புள்ளி வைக்க வேண்டும். நூலுக்குச் சரியாக, நான்கு ஐந்து அடிக்கு ஒன்றாக, உடைந்த டைல் துண்டைச் சாந்தில் பதித்து தூக்குக்குண்டால் மட்டம் பார்த்து விடுவார்கள். இந்தப் புள்ளிகள் இறுகிய பிறகு, அவற்றுக்கு நடுவே சாந்து அடித்து, மட்டப்பலகையைப் புள்ளியிலிருந்து புள்ளிக்கு இழுத்தால் சுவர் நேராக வந்துவிடும். புள்ளி வைக்காமல் "கை பழகிடுச்சு" என்று ஆரம்பிப்பவரை நிறுத்துங்கள். இரண்டு கோட் என்றால் முதல் பூச்சைக் கீறிவிட்டு, குறைந்தது மறுநாள் வரை பொறுத்து அடுத்ததைப் பூசச் சொல்லுங்கள்.

இரண்டு பழக்கங்களைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஒன்று, ஈரம் சீக்கிரம் இழுக்க வேண்டும் என்று பச்சைப் பூச்சின் மேல் வெறும் சிமெண்ட் பொடியைத் தூவித் தேய்ப்பது. மேலே ஓடு மாதிரி ஒரு படலம் உருவாகி, பிறகு அதுவே உரியும். எங்கள் வீட்டில் ஒரு கொத்தனார் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிக்க இதைத்தான் செய்தார். அந்தப் பகுதியை மறுநாள் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, கடைசியில் சிமெண்ட் பால் பூசி வழுவழுப்பாக்குவது. பெயின்டுக்கு வேண்டுமானால் அது அழகு. டைல்ஸுக்கு மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை) தேய்த்த சொரசொரப்பே வேண்டும்.

8. நனைப்பதும் காயவிடுவதும்

பூசிய மறுநாளிலிருந்து ஏழு நாள் சுவர் ஈரமாகவே இருக்க வேண்டும். வெயில் காலத்தில் நாளுக்கு நான்கு முறையாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். இதற்கு ஆள் வருவார் என்று நம்பாதீர்கள். வீட்டில் இருக்கும் நீங்களே பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு இன்னொரு வாரமாவது காயவிடுங்கள், மழைக்காலத்தில் அதற்கும் மேல். ஒரு அடி பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

9. வாட்டர்புரூஃபிங்

பாலிமர் கலந்த சிமெண்ட் கோட்டிங் இரண்டு கை. சுவர் ஓரத்தில் ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் ஆறடி. தரையும் சுவரும் சேரும் மூலையில் ஃபைபர் மெஷ் வைத்துப் பூச வேண்டும். இரண்டாவது கை ஈரமாக இருக்கும்போதே மேலே மணலைத் தூவிவிட்டால் பசைக்குப் பிடிப்பு கிடைக்கும். தரையில் தண்ணீர் தேக்கி குறைந்தது ஒரு நாள் விட்டு, கீழ் வீட்டு சீலிங்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

10. டைல்ஸ்காரர் கையில் சுவரைக் கொடுக்கும்போது

ஒப்படைக்கும் முன் மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு மீட்டருக்கு 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். டைல்ஸ் பெரிதாகப் பெரிதாகச் சுவர் கச்சிதமாக இருந்தாக வேண்டும். 2க்கு 4 அடி டைல்ஸ் ஆசை இருந்தும் சுவர் ஒத்துழைக்கவில்லை என்றால் 1க்கு 2 அடியோடு திருப்திப்படுங்கள்.

பசைக் கணக்கு: சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. கனத்துக்குச் சுமார் ஒன்றரை கிலோ பிடிக்கும். 160 சதுர அடிக்கு 3 மி.மீ. என்றால் 20 கிலோ மூட்டை நான்கு போதும். இதே சுவரில் கூடுதலாக 10 மி.மீ. கோணலைப் பசையால் நிரப்பினால் மேலும் பதினொரு மூட்டை ஆகும். நான் விசாரித்தபோது விட்ரிஃபைடு டைல்ஸுக்கான பசை மூட்டை 500 ரூபாயைத் தாண்டியிருந்தது. அதே கோணலுக்குப் பூச்சில் ஆவது இரண்டு மூட்டை சிமெண்டும் கொஞ்சம் மணலும்தான். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், அவ்வளவு கனமான பசை காயும்போது சுருங்கி டைலையும் இழுக்கும்.

பசை மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற எண்ணும் டைப் என்னவென்பதும் அச்சிட்டிருக்கும். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரே உறிஞ்சாது என்று சொல்லலாம், அதனால் வெறும் சிமெண்ட் பால் அதில் பிடிக்காது. டைப் 2 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். சாதாரண செராமிக்கைப் பழைய முறையில் சாந்து வைத்து ஒட்டுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். நல்ல கைக்காரர் இருந்தால் அது இன்றும் நிற்கும்.

டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கி ஒட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். பல் கரணையால் முழுச் சுவருக்கும் சீவிப் பரப்ப வேண்டும். முதல் வரிசை ஒட்டிய பத்து நிமிடத்தில் ஒரு டைலைப் பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை அப்பியிருந்தால் அதையே மறுபடி ஒட்டிவிட்டு மேலே போகலாம். திட்டுத் திட்டாக இருந்தால் பல் பெரிதான கரணையை எடுக்கச் சொல்லுங்கள், டைல் முதுகிலும் ஒரு கை பூசச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் கொஞ்சம் சுளிக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும்.